திருச்சுழிச் சாலையில் கண்டதும் கேட்டதும்

மதுரை மாநகரை விட்டுத் தெற்கே தூத்துக்குடி நோக்கி ஓடும் நெடுஞ்சாலையில் காரியாபட்டியைக் கடந்ததும் நிலத்தின் முகம் மாறிவிடுகிறது. வாய்க்காலும் வயலும் அருகிப்போய், கண்ணுக்கெட்டிய தூரம் வரை மானாவாரிக் காடுகளே விரிகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் வானம் கண் திறந்தால்தான் இங்கே விதைப்பு உண்டு. பருத்தி, கம்பு, குதிரைவாலி, உளுந்து, மல்லி, மிளகாய் என்று மழையை நம்பியே வாழும் பூமி இது. நாம் சென்றதோ ஆனி மாதம். கண்மாய்கள் வெடித்துக் கிடந்தன. கரைகளில் சீமைக் கருவேலம் மட்டும் செழித்து நின்றது. ஆங்காங்கே அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டிருந்தார்கள். அந்தப் புகையின் வாடை பேருந்துக்குள்ளும் நம்மைத் தொடர்ந்து வந்தது.

சுமார் 50 கிலோமீட்டரில் அருப்புக்கோட்டை. மல்லிகைக்கும் தறிக்கும் பேர்போன ஊர். நூற்பாலைகளும் நெசவுத் தெருக்களும் நிறைந்த ஊர். 1977-ஆம் ஆண்டுத் தேர்தலில் எம்.ஜி.ஆர். இத்தொகுதியில் வென்றே முதலமைச்சரானார் என்பதை இங்குள்ள முதியோர் இன்றும் பெருமையோடு சொல்வர். அங்கிருந்து கிழக்கே கிளைவிடும் சாலையில் சென்றால் குண்டாற்றின் கரையில் திருச்சுழி. சுந்தரரின் தேவாரம் பெற்ற திருச்சுழியல் என்னும் பழந்தலம் இதுவே. 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் இரமண மகரிஷி பிறந்ததும் இவ்வூரிலேதான். ஊழிப் பெருவெள்ளம் இவ்விடத்தில் சுழித்துப் பூமிக்குள் இறங்கியதால் ‘சுழி’ என்று பெயர் வந்ததாகத் தலபுராணம் கூறுகிறது. வெள்ளத்தால் பெயர் பெற்ற ஊரைச் சுற்றிலும் குடிநீருக்காகக் குடங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. இதுவும் இம்மண்ணின் விசித்திரங்களுள் ஒன்று.

ஆனால், வாசக நேயர்களே, நாம் இப்பயணத்தை மேற்கொண்டது கோயில் குளம் காண்பதற்காக அன்று. இப்பகுதியில் நெடுங்காலம் நோயாளரிடையே பணியாற்றிவரும் செவிலியச் சகோதரி ஒருவர், “நீங்கள் நோயைப் பற்றி எழுதுகிறீர்கள். ஒரு நாள் வந்து நோயோடு வாழும் வீட்டைப் பாருங்கள்” என்று அழைத்திருந்தார். அவ்வழைப்பின் பேரில் சென்றோம்.

நாட்காட்டியில் விடுபட்ட நாள்கள்

நாம் சென்ற வீடு திருச்சுழிச் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருந்த சிற்றூரில் இருந்தது. அதன் பெயரையோ, அவ்வீட்டாரின் பெயரையோ இங்கே எழுதப்போவதில்லை. எழுதாதிருப்பது நம் கடமை. வீட்டில் இருவரே இருந்தனர். ஒருவர் எழுபதைத் தாண்டிய பாட்டி. மற்றவள் அவருடைய மகள் வயிற்றுப் பேத்தி, எட்டாம் வகுப்பு மாணவி. தாயும் தந்தையும் எச்.ஐ.வி. நோயால் அடுத்தடுத்து மறைந்தனர். பிள்ளைக்கும் பிறப்பிலேயே அக்கிருமி வந்து சேர்ந்திருந்தது.

சுவரில் மளிகைக் கடை நாட்காட்டி ஒன்று தொங்கியது. ஒவ்வொரு தேதியின் மேலும் பென்சிலால் ஒரு சிறு கோடு. இரவு எட்டு மணிக்கு மாத்திரை விழுங்கியதும் அச்சிறுமி தானே இடும் அடையாளம் அது. சகோதரி நாட்காட்டியைப் பின்னோக்கிப் புரட்டினார். பங்குனியிலும் சித்திரையிலும் கோடுகளே இல்லை.

பாட்டிதான் பேசினார். “கால் முறிஞ்சு கெடந்தேன் சிஸ்டர். ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போக ஆளில்ல. ரெண்டு மாசம் மாத்திரை நின்னு போச்சு. அப்புறந்தான் கண்ணு மஞ்சளிச்சுச்சு. அம்புட்டு நாளு தின்ன மாத்திரைச் சூடுதான் ஈரலைச் சுட்டுப்புடுச்சுன்னு பக்கத்துல சொன்னாக. கீழாநெல்லியை அரைச்சு மோருல கலந்து ஏழு நாளு குடுத்தேன். நான் செஞ்சது தப்பா?”

சகோதரி அவரைக் கடிந்துகொள்ளவில்லை. “தப்புன்னு யார் சொன்னா அம்மாயி? தெரியாமச் செஞ்சதுதானே” என்றார். ஆனால் நம் பக்கம் திரும்பியபோது அவர் முகம் வாடியிருந்தது. பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தபோதுதான் உண்மை வெளிப்பட்டதாம். அவள் உடலில் எச்.ஐ.வி. மட்டும் இல்லை. கல்லீரலைத் தாக்கும் ஹெப்பாடைட்டிஸ் பி என்னும் இன்னொரு கிருமியும் பல ஆண்டுகளாகக் குடியிருந்திருக்கிறது. அவள் தின்றுவந்த மாத்திரைதான் இரண்டையும் அடக்கி வைத்திருந்தது. மாத்திரை நின்றதும் அடங்கிக் கிடந்த கல்லீரல் கிருமி சீறி எழுந்துவிட்டது. மாத்திரையால் வந்த காமாலை அன்று அது. மாத்திரை நின்றதால் வந்த காமாலை.

ஒரே வாசல் வழியே இரு பகைவர்

இவ்விரு கிருமிகளும் ஒன்றாக வருவது எப்படி? இரண்டுக்கும் பாதைகள் பொது. கருவுற்ற தாயிடமிருந்து குழந்தைக்கு வருதல், சோதிக்கப்படாத இரத்தத்தால் வருதல், கொதிக்கவைக்காத ஊசியால் வருதல், உடலுறவால் வருதல் ஆகியவையே அப்பாதைகள். எனவே ஒன்று நுழைந்த வாசலில் மற்றொன்றும் நுழைய இடமுண்டு. உலகில் எச்.ஐ.வி.யோடு வாழ்வோரில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு ஹெப்பாடைட்டிஸ் பி-யும் நிலைத்திருப்பதாக உலக நலவாழ்வு நிறுவனம் கணித்துள்ளது. இந்தியாவில் மட்டும் 2022-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 2 கோடியே 98 லட்சம் பேர் ஹெப்பாடைட்டிஸ் பி-யோடும், 55 லட்சம் பேர் ஹெப்பாடைட்டிஸ் சி-யோடும் வாழ்ந்தனர் என்பது அந்நிறுவனத்தின் மதிப்பீடு.

பெரியவர்களை விடக் குழந்தைகளுக்கே இக்கிருமியால் பேரிடர். வளர்ந்த ஒருவருக்கு ஹெப்பாடைட்டிஸ் பி தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் உடலே அதனை விரட்டிவிடும். கைக்குழந்தைக்குத் தொற்றினாலோ நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைகளுக்கு அது வாழ்நாள் முழுதும் நிலைத்துவிடுகிறது. பல ஆண்டுகள் ஒரு குறியும் காட்டாது. பிள்ளை விளையாடும், படிக்கும், வளரும். உள்ளேயோ கல்லீரல் சிறிது சிறிதாகத் தழும்பேறிச் சுருங்கும். சிலருக்கு நடுவயதில் புற்றாகவும் மாறும். எச்.ஐ.வி.யும் உடனிருந்தால், எதிர்த்து நிற்கவேண்டிய படையே பலவீனப்படுவதால் இக்கேடு விரைவில் வந்துவிடுகிறது.

மருந்து கொடுப்பதிலும் இதனால் நுட்பம் உண்டு. எச்.ஐ.வி.க்குத் தரப்படும் லாமிவுடின் என்னும் மருந்து ஹெப்பாடைட்டிஸ் பி-யையும் ஓரளவு அடக்கும். ஆனால் அதை மட்டுமே நம்பினால் சில ஆண்டுகளில் கல்லீரல் கிருமி அம்மருந்துக்கு அடங்காததாக மாறிவிடும். டெனோஃபோவிர் என்னும் மருந்துக்கோ அது எளிதில் தப்புவதில்லை. சிறு பிள்ளைகளுக்குப் பொதுவாகத் தரப்படும் கூட்டு மருந்தில் டெனோஃபோவிர் இருப்பதில்லை. பத்து வயதும் 30 கிலோ எடையும் தாண்டியோருக்கே பெரும்பாலும் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் மூன்றும் சேர்ந்த ஒற்றை மாத்திரை தரப்படுகிறது. ஆகவே மருந்து தொடங்கும்போதே குழந்தைக்குக் கல்லீரல் கிருமி உண்டா என்று சோதிப்பது இன்றியமையாதது. சோதிக்காமல் விட்டால் ஒரு பகைவனோடு போரிட்டுக்கொண்டே மற்றவனுக்கு ஆயுதப் பயிற்சி கொடுத்தவர்கள் ஆவோம்.

ஹெப்பாடைட்டிஸ் சி-யைப் பற்றியோ நற்செய்தியே உண்டு. அதற்குத் தடுப்பூசி இல்லை. ஆயினும் சோஃபோஸ்புவிர் போன்ற புதிய மாத்திரைகள் பெரும்பாலும் பன்னிரண்டு வாரங்களிலேயே நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு அதனை முற்றிலும் நீக்கிவிடுகின்றன. மூன்று வயது முதலே குழந்தைகளுக்கும் இம்மருந்துகள் ஏற்கப்பட்டுள்ளன. 2018-ஆம் ஆண்டு ஜூலை 28-ஆம் நாள் தொடங்கப்பட்ட தேசியக் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் சோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

கீழாநெல்லியின் கதை

பாட்டி கீழாநெல்லியை நாடியதை எண்ணி நகைப்பவர் இருக்கலாம். நாம் நகைக்கவில்லை. ஏனெனில் அறிவியலும் ஒரு காலத்தில் அதே செடியின் வாசலில் போய் நின்றது. ஹெப்பாடைட்டிஸ் பி கிருமியைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பர்க் என்பவரும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினரும் சேர்ந்து 1988-இல் இலண்டனின் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். முப்பது நாள் கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து அக்கிருமியின் அடையாளம் மறைந்ததாகவும், வெறும் பொய்மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு நிகழ்ந்ததாகவும் அவ்வாய்வு கூறியது. உலகமே வியந்தது. ஆனால் பின்னர் வேறு இடங்களில் செய்யப்பட்ட சோதனைகளில் அவ்வெற்றி திரும்பக் கிட்டவில்லை.

தண்ணீர் வழியே பரவும் ஹெப்பாடைட்டிஸ் ஏ என்னும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணியும். அப்போது கீழாநெல்லி குடித்தவருக்கு அதுவே குணமாக்கியதாகத் தோன்றும். நிலைத்துத் தங்கும் பி கிருமியோ அவ்வாறு போவதில்லை. காமாலை என்பது நோயின் பெயர் அன்று. கல்லீரல் எழுப்பும் அபயக்குரல் அது. எந்தக் காரணத்தால் அது கூவுகிறது என்பதை இரத்தச் சோதனை ஒன்றே சொல்லும். பாட்டியின் அன்பில் குறையில்லை. ஆனால் அந்த ஏழு நாள்களில் மருத்துவமனைக்கான வழி ஏழு நாள் நீண்டுவிட்டது.

சாத்தூர் கற்பித்த பாடம்

திருச்சுழியும் சாத்தூரும் ஒரே விருதுநகர் மாவட்டத்தில் உள்ளவை. 2018-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் நாட்டையே உலுக்கிய செய்தி ஒன்று சாத்தூரிலிருந்து வந்தது. இரத்தசோகைக்காக அரசு மருத்துவமனையில் இரத்தம் ஏற்றப்பட்ட கருவுற்ற பெண் ஒருவருக்கு, அவ்விரத்தத்தின் வழியே எச்.ஐ.வி. தொற்றிவிட்டது. இரத்தம் கொடுத்த இளைஞருக்குத் தமக்கு நோய் இருப்பதே தெரியாது. வெளிநாட்டு வேலைக்காகச் செய்துகொண்ட சோதனையில் அதனை அறிந்ததும், தம் இரத்தம் யாருக்கும் போய்விடக் கூடாதே என்று அவரே ஓடிவந்து தெரிவித்தார். அதற்குள் காலம் கடந்திருந்தது. 2016-ஆம் ஆண்டிலேயே அவர் இரத்தம் கொடுத்தபோது எச்.ஐ.வி.யும் ஹெப்பாடைட்டிஸ் பி-யும் கண்டறியப்பட்டும், அவருக்கு அது சொல்லப்படவில்லை என்று அந்நாள் செய்திகள் கூறின. மனமுடைந்த அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்பெண்ணுக்கு 2019 சனவரியில் மதுரையில் குழந்தை பிறந்தது. அவ்வாண்டு ஜூலையில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது.

இச்செய்தியைத் திரும்ப எழுதுவது பழைய புண்ணைக் கீறுவதற்காக அன்று. அந்த இளைஞரிடம் இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் அருகில் அமர்ந்து, “தம்பி, உனக்கு இப்படி ஒரு நோய் இருக்கிறது. மருந்து இருக்கிறது. நீ வாழலாம்” என்று சொல்லியிருந்தால் இரண்டு குடும்பங்கள் தப்பியிருக்கும் அன்றோ? சொல்லப்படாத சோதனை முடிவு, சோதிக்கப்படாத இரத்தத்தை விடக் குறைந்த ஆபத்து அன்று.

கரிசல் நாட்டுப் பெண்களின் இரத்தசோகையையும் இங்கே நினைக்கவேண்டும். கருவுற்ற நாள் முதல் இரும்புச்சத்து மாத்திரையும், முருங்கைக்கீரையும் கம்பும் பயறும் தவறாது உண்டுவந்தால் பிறர் இரத்தம் தேவைப்படும் நிலையே பலருக்கு வராது.

மாறிய காலம்

1986-ஆம் ஆண்டில் இந்தியாவிலேயே முதன்முறையாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது நம் சென்னையிலேதான். மருத்துவர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் அதைக் கண்டனர். அந்நாளில் இந்நோய் என்றால் மரணம் என்றே பொருள். 2004 ஏப்ரல் முதல் அரசு கூட்டு மருந்தை இலவசமாக வழங்கத் தொடங்கியது. 2006 இறுதியில் குழந்தைகளுக்கென்று தனித் திட்டமும் வந்தது. மருந்து இல்லாத காலத்தில் நோயுள்ள தாய்மார்க்குப் பிறக்கும் நூறு குழந்தைகளில் 15 முதல் 45 குழந்தைகளுக்குக் கிருமி தொற்றியது. இன்று தாய் தவறாது மருந்துண்டு, குழந்தைக்கும் காப்பு மருந்து கொடுத்தால் அது ஐந்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

ஹெப்பாடைட்டிஸ் பி-க்கோ தடுப்பூசியே உண்டு. 2011-ஆம் ஆண்டு டிசம்பரில் ஐந்து நோய்களைத் தடுக்கும் கூட்டு ஊசி, நாட்டிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தொடங்கப்பட்டது. பி-க்கான தடுப்பும் அதில் அடங்கும். பிறந்த 24 மணி நேரத்திற்குள் ஒன்று, பின் 6, 10, 14-ஆம் வாரங்களில் மூன்று என்பது முறை. முதல் ஊசியே தாயிடமிருந்து வரும் தொற்றைத் தடுக்கும் காவற்காரன். நாம் கண்ட சிறுமி வீட்டிலேயே பிறந்தவள். அந்த முதல் ஊசி அவளுக்குக் கிடைக்கவில்லை. சில ரூபாய் பெறுமான ஓர் ஊசியும் ஒரு நாள் தாமதமும் ஒரு வாழ்நாளின் சுமையாகிவிட்டன.

நம் வீடுகளில் செய்யத்தக்கவை

நம் குடும்பங்களில் கருவுற்ற பெண் இருந்தால், முதல் மாதங்களிலேயே எச்.ஐ.வி., ஹெப்பாடைட்டிஸ் பி இரண்டையும் சோதித்துக்கொள்வதில் கூச்சம் வேண்டாம். அரசு மருத்துவமனையிலுள்ள நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. சோதனை இலவசம், இரகசியம் காக்கப்படும். தாய்க்கு ஹெப்பாடைட்டிஸ் பி இருப்பின் மருத்துவமனையிலேயே மகப்பேறு நிகழட்டும். குழந்தைக்கு முதல் ஊசியோடு இம்யூனோகுளோபுலின் என்னும் காப்பு ஊசியும் அன்றே போடப்படட்டும்.

எச்.ஐ.வி. உள்ள பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டாயிற்று என்று அமர்ந்துவிடக் கூடாது. அவர்களுக்கு ஊசியின் பலன் குறையலாம். எதிர்ப்பாற்றல் உண்டாயிற்றா என்று சோதித்து, இல்லையேல் மீண்டும் போடவேண்டும். மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாளும் நிறுத்தலாகாது. கண் மஞ்சளித்தால், சிறுநீர் கறுத்தால், வாந்தியும் பசியின்மையும் வந்தால் நாட்டு மருந்தைத் தேடாமல் மாத்திரைச் சீட்டோடு அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். காய்ச்சலுக்கெல்லாம் ‘ஒரு ஊசி போடுங்கள்’ என்று நாமே கேட்கும் பழக்கத்தையும் விட்டொழிப்போமாக.

அம்மட்டோ! இக்குழந்தைகளோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்பதாலோ, கட்டித் தழுவுவதாலோ, ஒரே பெஞ்சில் படிப்பதாலோ இவ்விரு கிருமிகளும் தொற்றா. சவரக்கத்தி, பல்துலக்கி, ஊசி ஆகியவற்றை மட்டும் தனியே வைத்தால் போதும். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், நோயைக் காரணம் காட்டிப் பள்ளியிலோ வேலையிலோ மருத்துவமனையிலோ ஒருவரை ஒதுக்குவதைத் தடை செய்கிறது. பெற்றோரை இழந்த வீட்டில் பொறுப்புள்ள பன்னிரண்டு வயது அண்ணனோ அக்காளோகூடத் தம்பி தங்கையரைப் பள்ளியில் சேர்க்கவும் சிகிச்சை பெறுவிக்கவும் பாதுகாவலராக நிற்கலாம் என்று அச்சட்டம் கூறுகிறது. அவ்வாறு ஒரு சட்டம் எழுத வேண்டியிருந்ததே, எத்தனை பிள்ளைகள் பிள்ளைப் பருவத்திலேயே பெற்றோராகிவிட்டனர் என்பதைச் சொல்லிவிடுகிறது.

அன்று மாலை பள்ளிவிட்டு அச்சிறுமி வந்தாள். கண்களில் மஞ்சள் இல்லை. புத்தகப் பையை வைத்துவிட்டு, வந்த விருந்தினருக்குத் தண்ணீர் கொடுத்தாள். அந்தத் தம்ளரில் நாமும் குடித்தோம். அதைப் பாட்டி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. இத்தனை ஆண்டுகளில் அவ்வீட்டில் தண்ணீர் குடித்தவர் எத்தனை பேரோ!

விடைபெறுமுன் சகோதரி ஓர் ஏற்பாடு செய்தார். பாட்டியால் நடக்க முடியாத மாதங்களில் பிள்ளையை மருந்து மையத்துக்கு அழைத்துச் செல்ல அதே தெருவிலுள்ள ஒரு பெண்மணி முன்வந்தார். பேருந்துக் கட்டணமும் அரை நாள் கூலியும்தான் செலவு. ஒரு குழந்தையின் ஈரலைக் காக்க ஓர் ஊரால் இதுகூட முடியாதா?

பேருந்து அருப்புக்கோட்டையை நெருங்கும்போது மணி எட்டாகியிருந்தது. இருட்டில் ஆங்காங்கே கரிமூட்டங்களின் செந்நெருப்புத் தெரிந்தது. இந்நேரம் அந்நாட்காட்டியில் இன்னொரு பென்சில் கோடு விழுந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டோம்.